நீரில் கலந்த நுண்துகள்: பெரிய எதிர்பார்ப்பும் ஒரு சோதனையும்

புதுதில்லி: நானோ தொழில்நுட்ப ஆய்வுக்கு 5 ஆண்டுகளில் ரூ. 1,000 கோடி செலவிடும் "நானோ மிஷன்' திட்டத்துக்கு 2007-ம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே இந்திய ஆய்வகங்கள் உலகின் கவனத்தை ஈர்த்துவந்த துறை ஒன்று உண்டு. திரவத்தில் திடத் துகள்களைக் கலந்து அதன் வெப்பம் கடத்தும் திறனைக் கூட்டும் முயற்சிதான் அது.

யோசனை பழையதே. செம்பு, நீரைவிட 600 மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்தும். துகள் கலந்தால் இத்திறன் எவ்வளவு கூடும் எனக் கணக்கிடும் சூத்திரத்தை 1873-லேயே மாக்ஸ்வெல் வகுத்துவிட்டார். ஆனால், நீரில் கரைத்துவைத்த அரிசி மாவு அடியில் தங்கிவிடுவதைப் போல, துகள்கள் படிந்து குழாயை அடைத்தன, பம்புகளையும் தேய்த்தன.

1995-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் சோய், எளிதில் படியாத அளவுக்கு நுண்ணிய துகள்களைக் கலக்கலாம் என்றார். அக்கலவைக்கு "நானோ திரவம்' என்று பெயரும் இட்டார். எத்திலீன் கிளைக்காலில் 0.3 சதவீத அளவே செம்புத் துகள் சேர்த்தபோது, வெப்பம் கடத்தும் திறன் 40 சதவீதம் உயர்ந்ததாக 2001-ல் அவரது குழு அறிவித்தது. மாக்ஸ்வெல் கணக்குப்படி இந்த உயர்வு ஏறத்தாழ 1 சதவீதம்தான்!

2003-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சரித் குமார் தாஸ், பிரதீப் உள்ளிட்டோர், மிகச் சொற்ப அளவு தங்கத் துகள் கலந்த நீரில் 5 முதல் 21 சதவீத உயர்வு கண்டதாகத் தெரிவித்தனர். உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகள் பெருகின. ஆனால், ஒரே வகைக் கலவைக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வெவ்வேறு அளவுகள் வந்தன.

இதைத் தீர்க்க, 30-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே மாதிரிகளைத் தனித்தனியே அளந்தன. தங்கம் கலந்த நீரும் அவற்றில் ஒன்று. 2009-ல் வெளியான முடிவு, அசாதாரண உயர்வு ஏதும் இல்லை என்பதே. மாக்ஸ்வெல் வழிவந்த கோட்பாடே போதுமானதாக இருந்தது. முன்பு பெரும் உயர்வை அறிவித்த தாஸும் அந்த அறிக்கையின் ஆசிரியர்களுள் ஒருவர். அறிவியலில் இது அடிக்கடி காணக்கிடைப்பதல்ல.

எனில், பெரிய உயர்வே சாத்தியமில்லையா? கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் ஜான் பிலிப் குழு 2007-லேயே இதற்கு வேறொரு விடையைக் கண்டிருந்தது. இரும்பு ஆக்சைடு துகள் கலந்த திரவத்தைக் காந்தப்புலத்தில் வைத்தபோது, துகள்கள் சங்கிலிபோல் கோத்துக்கொண்டன. சங்கிலியின் திசையில் வெப்பம் கடத்தும் திறன் 300 சதவீதம் வரை உயர்ந்தது. தனித் துகள் அல்ல, துகள்களின் சேர்க்கையே வெப்பத்துக்கு வழி அமைக்கிறது.

சிக்கலும் அங்கேதான். துகள்கள் கட்டியாகச் சேர்ந்தால் திரவம் தடிக்கிறது, அதைச் செலுத்த பம்புக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது, நாளடைவில் துகள் அடியிலும் படிகிறது. காந்தப்புலத்தால் கோத்த சங்கிலியோ, புலத்தை விலக்கியதும் கலைந்து, திரவம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.