மலைமேல் ஓடுபாதை

கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் கரிப்பூர் என்று ஓர் ஊர். அங்கே குன்றின் மேல் இடத்தைச் சமமாக்கி விமான நிலையம் கட்டினார்கள். 1988-இல் அது திறக்கப்பட்டது. கோழிக்கோடு விமான நிலையம் என்பது இதுதான். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் பலர் இதன் வழியாகத்தான் வீடு திரும்புகிறார்கள்.

ஒரு மேசையை நினைத்துப் பாருங்கள். மேலே சமமாக இருக்கும். ஓரத்தைத் தாண்டினால் கீழே விழ வேண்டியதுதான். இங்கே ஓடுபாதையும் அப்படித்தான். மங்களூரிலும் இப்படித்தான். சமவெளியில் விமானம் சற்றுத் தாண்டி ஓடினால் மண்ணில் போய் நிற்கலாம். குன்றின் மேல் அதற்கு இடம் குறைவு.

இதில் காற்றுக்கு என்ன வேலை?

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்திருப்பீர்கள். வண்டி நகரவே நகராது. விமானம் இறங்கும்போது விமானிக்கு வேண்டியது அந்த எதிர்க்காற்றுதான். ஒரு விமானம் 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. அப்போது தரையைத் தொடும் வேகம் 225 தான். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் வேகம் 275 ஆகிவிடும். நிற்பதற்கு நீளமான பாதை வேண்டும். பாதை மழையில் நனைந்திருந்தால் பிரேக் பிடிப்பதும் கடினம்.

குன்றில் மோதும் காற்று சரிவில் மேலே ஏறும். மறுபக்கம் கீழே இறங்கும். பாறையைத் தாண்டி விழும் ஓடைத் தண்ணீர் போலத்தான். ஆனால் காற்று கண்ணுக்குத் தெரியாது. ஓடுபாதையை நெருங்கும் விமானத்தை அது திடீரென மேலே தூக்கும், அல்லது கீழே அழுத்தும். அதனால்தான் ஓடுபாதை அருகே கம்பத்தில் நீளமான துணிப்பை கட்டுகிறார்கள். அது பறக்கும் திசையைப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும்.

2020 ஆகஸ்ட் 7. கொரோனாக் காலம். துபாயிலிருந்து 190 பேருடன் ஒரு விமானம் கரிப்பூருக்கு வந்தது. இரவு, நல்ல மழை. முதல் முறை இறங்க முடியவில்லை. அடுத்து எதிர்ப்பக்கமாக வந்தார்கள். அப்போது பின்காற்று வீசியது. விமானம் பாதையின் தொடக்கத்தில் தரையைத் தொடவில்லை. கிட்டத்தட்டப் பாதித் தூரம் தாண்டித்தான் தொட்டது. மிச்சப் பாதை போதவில்லை. ஓரம் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள்.

அக்கம்பக்கத்து மக்கள் மழையில் ஓடி வந்தார்கள். தொற்று வருமே என்று தயங்கவில்லை. அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

பின்னால் விசாரணை நடந்தது. கடைசி நேரத்தில் துணை விமானி, இறங்காமல் மேலே போகலாம் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யவில்லை என்று அறிக்கை கூறியது. 2010-இல் மங்களூரில் 158 பேர் இறந்த விபத்திலும் விமானம் பாதையில் வெகுதூரம் தள்ளித்தான் தரையைத் தொட்டது. அன்று காற்றைக் குறை சொல்ல முடியாது.

காற்றோ உயரமோ சரியில்லை என்றால் விமானி மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். வேறு ஊருக்கும் போகலாம். இறங்கப் போன விமானம் சட்டென்று மேலே ஏறினால் உள்ளே இருப்பவர்கள் பயந்துபோவார்கள். வெளியே காத்திருப்பவர்களும் தவித்துப்போவார்கள். உண்மையில் விமானி அப்போது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்.