வரம்பு தாண்டும் மோட்டார் சைக்கிள்: சட்டம் என்ன சொல்கின்றது?

ஒரு காலத்தில் மாட்டுவண்டியும் துவிச்சக்கர வண்டியும் போய்வந்த எமது கிராமத்துப் பாதைகளில் இன்று மோட்டார் சைக்கிள் ஓடுகின்றது. வீதியில் மட்டுமல்ல, வயல் வரம்பு, குளக்கட்டு, தென்னந்தோட்டம், கடற்கரை, காட்டோரம் என்று அது போகாத இடமில்லை. பசளை கொண்டு போகவும், மீன் ஏற்றவும், நோயாளியைப் பெரிய வீதிவரை கொண்டு சேர்க்கவும் அது உதவுகின்றது. அதே வண்டிதான் விதைத்த வயலை உழக்குவதும் அயலவரைப் பகைவராக்குவதும். "இது என்ர காணி, நீ ஆர் கேட்க?" என்பார் ஒருவர். "இது எங்கட அப்பு காலத்துப் பாதை" என்பார் மற்றவர். இருவர் பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருக்கக்கூடும். சட்டம் எங்கே கோடு கீறுகின்றது என்பதை அறிந்திருந்தால் பொலிஸ் நிலையப் படியேறாமலே பல பிணக்குகளைத் தீர்க்கலாம்.

முதலில், வீதி என்பது எது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் தார் போட்ட பாதையை மட்டும் வீதியாகக் கொள்வதில்லை. பொதுமக்களுக்கு வழியுரிமை உள்ள இடமும், பொதுமக்களோ அவர்களுள் ஒரு பகுதியினரோ சென்றுவர அனுமதிக்கப்பட்ட இடமும் அதன் கண்ணில் வீதியே. ஆகவே மணல் ஒழுங்கையும், கிரவல் பாதையும், திருவிழாவுக்கு மக்கள் கூடும் கோவில் வளவும்கூட இதற்குள் அடங்கலாம். அங்கே ஓட்டுவதற்கு வண்டிப் பதிவு, வருமான அனுமதிப்பத்திரம், மூன்றாம் தரப்புக் காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டும். ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும். 100 சீசீ வரையான வண்டிக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகுப்பு. 18 வயது நிரம்பாதவருக்கு இவை இல்லை. பாடசாலைப் பிள்ளையின் கையில் திறப்பைக் கொடுத்துவிடும் தகப்பனும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரே. வெளிச்சமும் இலக்கத் தகடும் இல்லாத போட்டி வண்டியை வீதியில் நூறு யார் தூரம்கூட ஓட்ட முடியாது. லொறியில் ஏற்றித்தான் கொண்டு போகலாம்.

படலைக்கு உள்ளே, அடைத்த சொந்தக் காணியில், இவ்விதிகள் அப்படியே பொருந்துவதில்லை. இதை நம்பித்தான் மகன் தோட்டத்துக்குள் ஓடிப் பழகட்டும் என்று பலர் விடுகின்றனர். ஆனால் கவனயீனத்தால் பிறருக்கு விளைந்த தீங்குக்கு நட்டஈடு கொடுக்கும் கடமை படலையோடு நின்றுவிடுவதில்லை. எமது நாட்டில் இன்றும் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டம் விபத்து யாருடைய காணியில் நடந்தது என்பதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. நாட்கூலிக்கு வெங்காயம் நட வந்த பெண்ணின் கால் முறிந்தால், காப்புறுதிக் கம்பனி "இது வீதியில் நடக்கவில்லை" என்று கையை விரிக்கலாம். அப்போது வைத்தியச் செலவையும் இழந்த உழைப்பையும் காணிக்காரரே சுமக்க நேரிடும். காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள், பெரும்பாலானவர்கள் வாசிப்பதில்லை.

பிறருடைய காணிக்குள் அனுமதியின்றி ஓடினால் என்ன? தவறுதலாகவோ அவசரத்துக்கோ நுழைந்த ஒவ்வொருவரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. குற்றம் செய்யவோ, உரிமையாளரை அச்சுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைவதையே தண்டனைச் சட்டக் கோவை குற்றமுறையான அத்துமீறல் என்கின்றது. "வராதே" என்று சொன்ன பின்பும் குழாயைக் கழற்றிவிட்டுச் சத்தமிட்டுக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடும் இளைஞனுக்கு அந்த எண்ணம் இல்லை என்று வாதாடுவது கடினம். வேண்டுமென்றே பயிரை அழிப்பது அதனிலும் வேறான குற்றம். உரிமையாளரும் ஒன்றை மறக்கக் கூடாது. பாதைக்குக் குறுக்கே கழுத்தளவில் கம்பி கட்டுவதும், மணலுக்குள் ஆணி புதைப்பதும் தற்காப்பு ஆகாது. அது மனிதனைக் கொல்லக்கூடிய செயல்.

அதிக சண்டை வருவது வழியுரிமையால்தான். ஒருவருடைய காணியூடாகப் போக மற்றவருக்கு மூன்று வகையில் உரிமை கிடைக்கலாம்: உறுதியில் எழுதப்பட்டிருத்தல், வேறு வழியே இல்லாத அவசியம், நீண்டகாலப் பாவனை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நீண்டகாலப் பாவனைக்கு 10 ஆண்டுகள் வேண்டும். அதுவும் இடையறாமலும், உரிமையாளரின் தயவில் தங்கியிராமலும் இருந்திருக்க வேண்டும். "போங்கோ தம்பி" என்று அவர் அன்பாக விட்ட பாதையில் இருபது ஆண்டுகள் போனாலும் அது உரிமை ஆவதில்லை.

இங்கே பலர் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. உரோமன் டச்சுச் சட்டம் நடைபாதை, மாடு ஓட்டும் வழி, வண்டிப் பாதை என வழிகளைப் பிரித்துப் பார்க்கின்றது. (குருமடத்தில் இலத்தீன் படித்தவர்களுக்கு இற்றர், அக்ற்றுஸ், வீயா என்ற சொற்கள் நினைவிருக்கும்.) நடந்துபோன உரிமை தானாக வண்டி ஓட்டும் உரிமையாக வளர்வதில்லை. எனவே பாட்டனார் தலையில் நெற்சூடு சுமந்து நடந்த வரம்பில் பேரன் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்குத் தனியான ஆதாரம் வேண்டும். எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் இப்படியொரு வரம்புக்காகத் திருப்பலியில் சமாதானம் கொடுப்பதையே விட்டுவிட்டன. வரம்பின் அகலமோ ஒன்றரை அடி!

வயலுக்குச் செல்லும் கமப்பாதையைப் பயன்படுத்துவதை ஒருவர் தடுத்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்கீழ் முறையிடலாம். கமநல சேவை நிலையத்தில் தொடங்குவது எளிது.

குளக்கட்டு வேறு கதை. கட்டைப் பிடித்து வைத்திருப்பது அதன்மேல் வளர்ந்த புல். சில்லு ஒரே தடத்தில் ஓடி ஓடிப் புல் தேய்ந்து பள்ளம் விழும். மாரி மழைநீர் அப்பள்ளத்தில் சேர்ந்து சரிவால் இறங்கி மண்ணை அரிக்கும். குளம் நிரம்பும் நாளில் அந்த இடமே பலவீனமாக இருக்கும். ஒருவருடைய சவாரிக்கு முழுக் கிராமத்தின் பெரும்போகமும் விலையாகலாம். கட்டையோ வாய்க்காலையோ சேதப்படுத்துவது 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். ஏறத்தாழ 200 ஏக்கர் வரை பாய்ச்சும் சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும், பெரியது என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் கமக்கார அமைப்பு முறையிடலாம்.

காட்டுக்குள் "அரச காணிதானே, எல்லாருக்கும் சொந்தம்" என்ற வாதம் எடுபடாது. ஒதுக்குக்காடுகள் வனவளத் திணைக்களத்தின் கீழும், தேசிய பூங்காக்கள் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழும் உள்ளன. பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். வடக்கில் மடு வீதி, சுண்டிக்குளம், நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகியன 2015இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. வேலி இல்லை என்பதால் எல்லை இல்லை என்று எண்ண வேண்டாம். கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். வன்னியில் சிவப்பு அபாயப் பலகை நிற்கும் இடத்தில் சட்டத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, திரும்பிவிடுங்கள். கண்ணிவெடிக்கு அனுமதிப்பத்திரம் காட்ட முடியாது.

சேற்றுவயலில் ஓட்டப்போட்டி வைக்க விரும்பும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு சொல். தியத்தலாவையில் 2024 ஏப்ரல் 21ஆம் நாள் நடந்த ஃபொக்ஸ் ஹில் போட்டியில், தடத்தை விட்டு விலகிய கார் பார்வையாளர் மீது பாய்ந்து 7 பேர் இறந்தனர். பெயர் பெற்ற ஓடுகளத்திலேயே இப்படி நடந்தது. காணிக்காரரின் எழுத்துமூலச் சம்மதம், பொலிஸாரின் அனுமதி, போட்டிக்கான தனிக் காப்புறுதி, பார்வையாளரைத் தூரத்தில் நிறுத்தும் உறுதியான தடுப்பு, அம்புலன்ஸ் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் போட்டியைத் தள்ளிவையுங்கள்.

பிணக்கு வந்துவிட்டால் முதலில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இரு தரப்பாரும் தாமே பேசலாம். சமாதானம் குலையும் நிலை என்றால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் பொலிஸாரோ பாதிக்கப்பட்டவரோ நீதிமன்றத்தை நாடலாம். அங்கே கிடைப்பது தற்காலிகக் கட்டளை மட்டுமே. உரிமையை இறுதியாகத் தீர்மானிப்பது மாவட்ட நீதிமன்றம். எங்கே போவதானாலும் உறுதியின் பிரதி, நில அளவைப் படம், பாதையின் நிழற்படம், அதை நெடுங்காலம் அறிந்த முதியவர் இருவரின் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். முதியவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.