பிள்ளையிடம் யார் சொல்வது?

எச்.ஐ.வி. கிருமி இந்தியாவிலும் இருக்கிறது என்பது முதன்முதலில் தெரியவந்தது நம் சென்னையில்தான். 1986-ஆம் ஆண்டில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது கண்டறியப்பட்டது. அன்று இதற்கு மருந்து கிடையாது. தாயிடமிருந்து கிருமியைப் பெற்றுப் பிறக்கும் குழந்தைகளில், சிகிச்சை இல்லாவிட்டால், ஏறக்குறையப் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் அடக்கம். குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் 2006 நவம்பர் இறுதியில் வந்தது. அன்று அந்த மருந்தைக் குடித்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். பிழைப்பார்களா என்ற கவலை போய், வேறு ஒரு கேள்வி வந்து நிற்கிறது. 'உனக்கு இன்ன நோய்' என்று பிள்ளையிடம் எப்போது சொல்வது? யார் சொல்வது?

பெரும்பாலான வீடுகளில் சொல்வதில்லை. "சின்னப் புள்ள, மனசு தாங்காது" என்பது ஒரு காரணம். "வெளியில போய் உளறிட்டா, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிடுவாரே" என்பது இன்னொன்று. ஆனால் உள்ளுக்குள் உறுத்துவது மூன்றாவது காரணம்: "எனக்கு எப்படிம்மா வந்துச்சுன்னு கேட்டா என்ன பதில் சொல்றது?" அதனால் அது 'சத்து மாத்திரை' ஆகிறது, அல்லது 'ரத்தம் ஊற மாத்திரை' ஆகிறது.

இந்தப் பொய் நெடுநாள் நிற்காது. பத்து, பதினொரு வயதில் பிள்ளை யோசிக்கும். பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சத்து மாத்திரை ஒரு மாதத்தில் முடிந்துபோனது, நமக்கு மட்டும் ஏன் வருஷக்கணக்கில்? உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? இரண்டு நாள் விட்டுப் பார்க்கும், பிறகு பத்து நாள். இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. சொல்லாமல் விடுவதில் உள்ள மெய்யான ஆபத்து இதுதான்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நம்மில் பலருக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. பிள்ளைக்கு இரண்டும் வரும். மருத்துவமனை வாசலில் உள்ள பலகையையும் சீட்டில் உள்ள எழுத்தையும் நமக்கு முன்னே அது படித்துவிடுகிறது. கவுன்சலர் இந்தியிலோ மராட்டியிலோ கேட்பதை அதுதான் நமக்குத் தமிழில் சொல்கிறது. எட்டு வயதுப் பிள்ளை தன் நோயைத் தானே மொழிபெயர்த்துத் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை வேறில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி, 6 முதல் 12 வயதுக்குள் பிள்ளைக்குத் தன் நோய் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வரவேண்டும். ஒரே நாளில் உட்காரவைத்துப் போட்டு உடைக்கும் காரியம் அல்ல இது.

ஐந்தாறு வயதில் பெயர் வேண்டாம். "உன் உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. ஒரு கிருமி வந்து அவங்களை அடிக்குது. இந்த மாத்திரை அந்தக் கிருமியைத் தூங்க வைக்குது. மாத்திரை நின்னா அது முழிச்சுக்கும்" என்றால் போதும். இதில் பொய் எதுவும் இல்லை. பின்னால் மாற்றிச் சொல்ல வேண்டியதும் இல்லை. எட்டு, ஒன்பது வயதில் அந்தக் கிருமிக்குப் பெயர் சொல்லலாம். கூடவே, ஒரே தட்டில் சாப்பிட்டாலும், கட்டிப்பிடித்தாலும், சேர்ந்து விளையாடினாலும் ஒட்டாது என்பதையும் சொல்ல வேண்டும். பருவ வயதில் மற்றவை: தவறாமல் மருந்து சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது, கல்யாணம் பண்ணலாம், கிருமி இல்லாத குழந்தை பெறலாம். கல்யாணப் பேச்சு வரும்போது உண்மையை மறைக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

'எப்படி வந்தது' என்று கேட்டால், "நீ என் வயித்துல இருந்தப்ப என்கிட்டேருந்து வந்துச்சு கண்ணு. அப்ப எனக்கே தெரியாது. நீ ஒரு தப்பும் பண்ணலை" என்பதே பதில். அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். பெற்றோர் இல்லாமல் பாட்டியோ அத்தையோ வளர்க்கும் பிள்ளைக்கும் இதே பதில்தான். இறந்தவர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை வேண்டாம்.

'வெளியே சொல்லிவிடுமே' என்ற பயத்துக்கும் வழி உண்டு. "இது வெட்கப்படுற விஷயம் இல்ல, நம்ம வீட்டு விஷயம். யார்கிட்ட சொல்லலாம்னு சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்று சொல்லி, நம்பிப் பேசத்தக்க இரண்டு பெரியவர்களை அடையாளம் காட்டுங்கள். யாரிடமும் பேசக்கூடாது என்று வாயைக் கட்டினால் பிள்ளை உள்ளுக்குள் புழுங்கும். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, நீதிமன்ற ஆணை இல்லாமல் யாரையும் தம் நிலையை வெளியிடும்படி கட்டாயப்படுத்த முடியாது. இதைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுக்கவும் முடியாது.

ஆகவே, அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். நம்பிக்கையான பெரியவர் ஒருவரை அழைத்துப் போங்கள். எப்படிச் சொல்வது என்று கவுன்சலரிடம் முதலில் நீங்கள் தனியே பேசிப் பழகுங்கள். கட்டணமில்லாத 1097 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். சொன்ன பிறகு பிள்ளை அழலாம், கோபப்படலாம், ஒரு வாரம் பேசாமலும் இருக்கலாம். விட்டுப் பிடியுங்கள்; மறுபடி நீங்களே பேச்சை எடுங்கள். எப்படியும் ஒரு நாள் தெரியத்தான் போகிறது. அதை ஒரு பலகையிலிருந்து அல்லாமல், நம் வாயால், நம் தமிழில் அது கேட்கட்டும்.