பையனைத் தேடிப் போகிறவர்

பதினாறு வயது நிரம்பாத பையன் திருடி மாட்டிக்கொண்டால் பிரம்படி கொடுத்து அனுப்பலாம். ஆனால் பதினைந்து அடிக்கு மேல் கூடாது; பிரம்பும் மெல்லியதாக இருக்க வேண்டும். இது எந்த ஜமீன்தாரும் வைத்த வழக்கமல்ல, வெள்ளைக்காரன் காலத்து எழுத்துச் சட்டம். சுதந்திரம் வந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1955-ல்தான் கசையடித் தண்டனை நம் சட்டப் புத்தகத்தை விட்டுப் போனது.

அடி வேண்டாம் என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் பெரும்பாலும் மிஞ்சியது சிறை, இல்லாவிட்டால் செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி. சேலத்தில் மத்திய சிறை 1862 முதல் இருக்கிறது. செங்கல்பட்டு என்றால் 1897-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று வருஷத்துக்குக் குறையாது, ஏழு வருஷத்துக்கு மிகாது. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ கூலி வேலை பார்க்கும் தாய்க்கு, மகனைச் செங்கல்பட்டுக்கு அனுப்புவது காசிக்கு அனுப்பியது மாதிரிதான். போய்ப் பார்க்க ரயில் காசு ஏது?

பையனை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டு ஒருவர் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொண்டால் போதாதா என்ற யோசனை நம்மூருக்கு மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி 1841-ல் நீதிமன்றத்தில் எழுந்து, ஒரு குடிகாரருக்குத் தான் பொறுப்பேற்பதாகச் சொல்லி அழைத்துப் போனார். அதிகாரியும் இல்லை, சம்பளமும் இல்லை. அவரிடமிருந்துதான் நன்னடத்தை அலுவலர் என்ற வேலையே பிறந்தது என்கிறார்கள். இந்தியாவில் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் முதலில் போட்டது சென்னை மாகாணம், 1920-ல். குற்றவாளியை நன்னடத்தைப் பேரில் விடுவிக்கும் சட்டத்தையும் மத்திய அரசுக்கு முன்பே, 1936-ஆம் ஆண்டிலேயே மாகாணம் எழுதிவிட்டது. சேலத்து வக்கீலாக இருந்த இராஜாஜி 1937-ல் மாகாணப் பிரதமராகி, அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் வந்த இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி பேசுவாரில்லை. கள்ளுக்கடையை மூடினால் செய்தி. ஒரு பையனை ஜெயிலுக்கு அனுப்பாமல் விட்டால் அது செய்தியாகாது.

1958-ல் நாடு முழுவதற்குமாக வந்த நன்னடத்தைச் சட்டம்தான் இன்றும் இருக்கிறது. இருபத்தொரு வயதுக்குட்பட்டவர் செய்த குற்றம் ஆயுள் தண்டனைக்கு உரியதல்ல என்றால், அவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் நின்று யோசிக்க வேண்டும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் காரணத்தை எழுத வேண்டும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டாக வேண்டும். 1964-ல் ரத்தன் லால் என்ற பதினாறு வயதுப் பையனின் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேல்முறையீட்டில்கூட இந்தச் சலுகையைக் கொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த அலுவலரின் கடமைகளாகச் சட்டம் சொல்பவை எளிமையானவை: வீட்டுச் சூழலை விசாரி, பையனைக் கவனித்துக்கொள், தேவைப்பட்டால் வேலை தேடிக் கொடு, நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தால் வழி சொல்.

ஊரில் இந்த அலுவலருக்குப் பெயர் ‘பி.ஓ.’ — புரொபேஷன் ஆபீசர். இவர் சுற்ற வேண்டிய எல்லையும் பெரிது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 சனவரியில். அதுவரை கொல்லிமலை அடிவாரமும் காவிரிக்கரைப் பரமத்தி வேலூரும் சேலம் மாவட்டம்தான். பஸ்ஸில் போய் இறங்கி, வரப்பில் நடந்து வீட்டைக் கண்டுபிடிப்பதிலேயே ஒரு பகல் போய்விடும். ஆனால் அந்த ஒரு பகலில்தான் பையனுடைய கதை கிடைக்கும். அப்பன் லாரியில் போனால் திரும்ப மூன்று வாரம். அம்மா தறிக்குடோனில் ராத்திரி ஷிஃப்ட். வீட்டுச் சொந்தக்காரரே தறி முதலாளி. முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு ஊருக்குக் குடி போகவும் முடியாது. சைக்கிளை எடுத்து விற்றவன் எதற்கு விற்றான் என்பதற்குப் பாதிப் பதில் வாசல்படியிலேயே நிற்கும். நீதிமன்றத்தில் கைகட்டி நிற்கும் பையனிடம் எத்தனை முறை கேட்டாலும் அது வராது.

போகிறதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ஜீப்பில் போய் இறங்கினால் தெருவே கூடிவிடும். “யாருங்க வந்துட்டுப் போனது?” என்று பக்கத்து வீட்டில் கேட்டால், “தெரிஞ்சவருங்க, பையனோட படிப்பு விஷயமா வந்தாரு” என்று சொல்லும்படி அந்தத் தாய்க்கு ஒரு வழி விட்டு வர வேண்டும். இதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் பாடமாக வராது.

அந்தக் காலத்துப் பி.ஓ. கையில் இருந்த பெரிய மருந்து, வேலை. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிகள், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகள், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் என்று பையனைச் சேர்த்துக்கொள்ள இந்தச் சமவெளியில் எப்போதும் ஆள் உண்டு. சேர்த்துவிட்டால் பொழுதும் போகும், காசும் வரும். முதலாளி ஒரு கண் வைத்துக்கொள்வார். பையன் திருந்திவிட்டான் என்று அறிக்கையும் எழுதலாம். ஆனால் பல பையன்கள் தப்பான வழிக்குப் போனதே, பத்து வயதில் பள்ளியை விட்டுப் பட்டறைக்குள் நுழைந்ததால்தான். நோய் வந்த இடத்திலேயே மருந்து தேடினோம். அந்த நாட்களை நினைத்து உருகுகிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இன்று அந்த வழி அடைபட்டுவிட்டது, நல்லதுதான். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி பதினான்கு வயதுக்குட்பட்டவனை வேலைக்கு வைக்கக் கூடாது; பதினெட்டு வரை ஆபத்தான தொழிலில் சேர்க்கக் கூடாது. இப்போது மருந்து பள்ளிக்கூடம், ஐ.டி.ஐ., தொழிற்பயிற்சி. சொல்ல எளிது. பாதியில் நின்ற பையனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்று யோசிக்கும் தலைமையாசிரியர் இருக்கிறார். தேர்ச்சி விழுக்காட்டைச் சுவரில் எழுதி வைத்தே பள்ளிகள் வளர்ந்த வட்டாரம் இது.

சட்டமும் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. 1986-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பையன்களுக்குப் பதினாறு, பெண்களுக்குப் பதினெட்டு என்று இருந்த வயது, 2000-ல் இருவருக்கும் பதினெட்டானது. இப்போது நடப்பிலிருக்கும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் ‘குற்றவாளி’ என்ற சொல்லையே பையனுக்குப் பயன்படுத்துவதில்லை. மாவட்டந்தோறும் இளைஞர் நீதிக் குழுமம். அதில் ஒரு நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அவர்களில் ஒருவர் பெண். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பிடித்தவுடன் பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்தில் அலுவலரின் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். சின்னக் குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். கிடையாது, நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும். தப்பு நிரூபணமானாலும் கண்டித்து விடலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், மூன்று ஆண்டுவரை பெற்றோரிடமே நன்னடத்தைப் பேரில் விடலாம். கடைசியாகத்தான் சிறப்பு இல்லம். பெயரையோ படத்தையோ வெளியிட்டால் வெளியிட்டவர் மேல் வழக்கு. மேல்முறையீட்டுக் காலமோ விதியில் சொன்ன காலமோ முடிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தக் கேஸ் குறுக்கே நிற்கக் கூடாது என்பது இதன் நோக்கம். பதினைந்து பிரம்படியில் தொடங்கிய நாடு இவ்வளவு தூரம் வந்திருப்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே 2015 சட்டம்தான், டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை எழுப்பிய கோபத்தில், பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்காரர் கொடிய குற்றம் செய்தால் பெரியவராக விசாரிக்கலாமா என்று பார்க்கும் கதவையும் திறந்தது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் அது கொடிய குற்றம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், பதினெட்டு நிரம்பாதவருடன் பாலியல் உறவுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. பெண்ணுக்குப் பதினாறு நிரம்பாவிட்டால் இருபது. ஆகவே பதினேழு வயதுப் பையனும் பதினேழு வயதுப் பெண்ணும் காதலித்து ஊரைவிட்டுப் போய், பெண்ணின் வீட்டார் புகார் கொடுத்தால், கத்தி எடுத்தவனுக்குரிய வரிசையில் பையன் போய் நிற்கிறான். சாதி வேறாக இருந்தால் புகாரும் வேகமாக வரும். கொங்கு நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. நாமக்கல் மாவட்டம் பேளுக்குறிச்சி காவல் நிலையத்திலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில்தான், 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. பார்த்திபன் தண்டனையை ரத்து செய்து, இந்த வயது வரம்பைப் பதினாறாகக் குறைப்பதைப் பற்றி யோசிக்கும்படி ஆலோசனை சொன்னார். வரம்பு இன்னும் பதினெட்டில்தான் இருக்கிறது. சைக்கிள் திருடியவனைத் திருத்தப் பழகிய நன்னடத்தை அலுவலர் இங்கே எதைத் திருத்துவார்?

வேலை கூடிவிட்டது, ஆள் கூடவில்லை. சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலர்களுக்குப் பெரியவர்களின் சுமையும் உண்டு. 1982-ஆம் ஆண்டு விதிப்படி விடுப்புக் கேட்கும் கைதி ஒவ்வொருவரின் ஊருக்கும் போய் விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். சிறுவர்களுக்கென்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் என்று ஒரு பதவி இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒருவர், ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில். எடப்பாடியிலிருந்து தலைவாசல் வரை ஒருவர்! குழுமத்தில் உட்கார வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், கூட்டத்துக்குப் புள்ளிவிவரம் கொடுக்க வேண்டும். சமூக விசாரணை அறிக்கையின் படிவம் குடும்பம், கடன், பழக்கம், நண்பர்கள் என்று நுணுக்கமாகக் கேட்கிறது. கேட்பது அருமையான கேள்விகள்தான். பதிலைப் போனில் கேட்டு நிரப்பினால் எல்லா வீடும் ஒரே வீடாகிவிடும்.

ஆணை போட்ட பிறகு நடப்பதுதான் இன்னும் மோசம். அறிக்கைக்குக் கெடு இருக்கிறது, விசாரணைக்குக் கெடு இருக்கிறது. நன்னடத்தைப் பேரில் விட்ட பையனின் வீட்டுக்கு எட்டாவது மாதம் யாராவது போனார்களா என்று கேட்க ஆளில்லை. கஞ்சா, மாத்திரை, கையில் கத்தி வைத்து எடுக்கும் ரீல்ஸ் என்று பையனைப் பின்னாலிருந்து இழுக்கிறவர்களோ ராப்பகலாக வேலை பார்க்கிறார்கள்.

வீட்டில் வைத்துத் திருத்த முடியாதபோது பையன் இல்லத்துக்குப் போகிறான். 2022 டிசம்பர் கடைசியில், அதே செங்கல்பட்டில், அரசு கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் அடிபட்டு இறந்தான். இல்லத்து ஊழியர்கள் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு அமைத்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். 1955-ல் ஏட்டிலிருந்து போன அடி, இல்லங்களின் சுவர்களுக்குள்ளிருந்து போகவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பையனை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் செலவழிக்க மறுப்பது சிக்கனமல்ல.

நிரந்தரப் பணியிடம் அரசு போட வேண்டியது. அதற்குக் காத்திருக்காமல் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நீதிக் குழுமத்தின் அந்த இரண்டு சமூகப் பணியாளர் இடங்களுக்கு அரசு அவ்வப்போது நாளிதழில் அறிவிப்பு வெளியிடுகிறது. குழந்தைகளின் கல்வி, உடல்நலம், நலப்பணி இவற்றில் ஏழு ஆண்டு ஈடுபட்ட அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பதவிக் காலம் மூன்று ஆண்டு. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் செவிலியர்களுக்கும் பஞ்சமில்லை. அடுத்த அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடுங்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, போன வருஷம் விட்ட பையன்களின் வீட்டுக்கு யார் போனார்கள் என்று கேளுங்கள்.