வெடித்த குக்கரைக் கடையில் கொடுக்காதீர்கள்

குக்கர் வெடித்துக் கையில் சூடுபட்டுவிட்டது என்று வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு நம்மாட்கள் என்ன செய்வோம்? உடைந்த குக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்ச் சத்தம் போடுவோம். கடைக்காரர் பழசை வாங்கி வைத்துக்கொண்டு புதுசு ஒன்று தருவார். பிரச்சினை முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு வந்துவிடுவோம். கொஞ்ச நாளாக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐப் படிச்சுக்கிட்டிருக்கேன். அதன்படி பார்த்தால், வழக்குக்கு வேண்டிய முக்கியமான சாட்சியத்தை நாமே கொண்டுபோய் எதிர்த்தரப்பிடம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாரண்டி என்பது பொருளுக்கு. பழுதானால் சரிசெய்து தருவேன், இல்லாவிட்டால் மாற்றித் தருவேன் என்ற வாக்கு, அவ்வளவுதான். உடம்பில் பட்ட காயம் வேறு கணக்கு. அதற்காகவே இந்தச் சட்டத்தின் 6-வது அத்தியாயம் (பிரிவு 82 முதல் 87 வரை) 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கு. 'தயாரிப்புப் பொறுப்பு' என்று பெயர். காயம், நோய், மரணம், காயத்தால் வரும் மன வேதனை, வீட்டில் மற்ற சாமான்களுக்கு வந்த சேதம் எல்லாம் இதில் வரும். குக்கருக்கே ஆன சேதம் மட்டும் வராது.

எந்தக் குறைகளுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு? சாஃப்ட்வேர் ஆளான எனக்கு இது பக் வகைகள் மாதிரித்தான் புரிந்தது. வடிவமைப்பிலேயே கோளாறு என்றால் அந்த மாடல் குக்கர் எல்லாமே ஆபத்து. தயாரிப்பில் கோளாறு என்றால் நம் கையில் இருக்கும் அந்த ஒரு குக்கரில் மட்டும் சேஃப்டி வால்வு சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். மூன்றாவது, கையேட்டில் கோளாறு: எப்படிப் பயன்படுத்தணும், எதில் ஆபத்து என்று ஒழுங்காகச் சொல்லாமல் விட்டது. இவற்றோடு, நிர்ணயித்த அளவுகளிலிருந்து விலகியது, கொடுத்த வாரண்டிக்குப் பொருந்தாதது என்று இன்னும் இரண்டு. ஐந்தில் ஒன்றுதான் வாரண்டி சம்பந்தப்பட்டது. அதனால் வாரண்டி காலம் முடிந்துவிட்டது என்பது மட்டுமே காயத்துக்கான கோரிக்கையை அடைத்துவிடாது.

கம்பெனி கவனக்குறைவாக இருந்தது என்று நிரூபிக்கணும் என்ற நிபந்தனை அந்தப் பட்டியலில் இல்லை. பொருளில் குறை இருந்தது, அதனால்தான் காயம் வந்தது என்று காட்டணும். இந்த எண்ணம் அமெரிக்காவில் 1963-ல் வந்த கிரீன்மேன் வழக்கில் தெளிவாகப் பேசப்பட்டது. மனைவி பரிசாக வாங்கித் தந்த மரவேலை இயந்திரத்திலிருந்து கட்டை பறந்து ஒருவரின் நெற்றியில் அடித்தது. தயாரிப்பாளரின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை என்றது கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம். நம் சட்டத்திலும் பில் யார் பேரில் இருந்தாலும், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

விற்பவர் எல்லா நேரமும் மாட்டமாட்டார். தயாரித்தது யாரென்றே தெரியாதபோது, அல்லது தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் சேர்க்கவே முடியாதபோது விற்றவரைக் கேட்கலாம். பொருளில் மாற்றம் செய்தது, தானாக ஒரு வாரண்டி கொடுத்தது போன்றவற்றுக்கும் அவர் பொறுப்பு. பேரில்லாத பொருட்களை வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம்.

எங்கே போவது? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து எந்த ஆணையம் என்று முடிவாவதில்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்டத்திலேயே போடலாம். இந்த முறை செல்லும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் பதியலாம். கெடு இரண்டு வருஷம்.

இப்போது அந்த உடைந்த குக்கருக்கு வருவோம். பார்த்தாலே தெரியாத குறை என்றால், ஆணையம் பொருளை வாங்கி சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும் (பிரிவு 38). பொருளே இல்லையென்றால் எதை அனுப்புவது? கம்பெனி வழக்கமாக எடுக்கக்கூடிய வாதமும் சட்டத்திலேயே இருக்கு: தவறாகப் பயன்படுத்தினார்கள், மாற்றம் செய்தார்கள் (பிரிவு 87). குக்கர் கையில் இல்லாமல் அதை மறுப்பது கஷ்டம்.

அதனால் கழுவாதீர்கள், கழற்றாதீர்கள். மூடி, வால்வு, கேஸ்கெட் எல்லாவற்றையும் கிடந்த நிலையிலேயே போட்டோ எடுத்து, ஒரு பையில் கட்டி வையுங்கள். பில், கையேடு, ஆஸ்பத்திரிச் சீட்டு மூன்றையும் கூடவே வையுங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன செய்வதென்று புரியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடைக்காரர் புதுசு தருவதாக இருந்தால் தரட்டும். பழசு மட்டும் வீட்டில் இருக்கட்டும்.