கணினித் திகில் சாகச விளையாட்டுகள்

திகில் சாகச விளையாட்டு என்பது, ஆடுபவரை அச்சமூட்டும் இடத்தில் விட்டு, புதிர்களை விடுவித்துத் தப்பிக்கச் செய்யும் கணினி விளையாட்டு வகையாகும். பேய் உருவங்களைவிட, கையிலுள்ள பொருள்கள் போதாமையே இதில் அச்சத்தைத் தருகிறது.

1992-இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்' இவ்வகையின் முன்னோடி. இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பிரெடெரிக் ரேனல். முழு மாளிகையையும் முப்பரிமாணத்தில் காட்டும் வேகம் அன்றைய கணினிகளுக்கு இல்லை. ஆகவே அறைகள் அசையாப் படங்களாக வரையப்பட்டன. மனிதரும் அரக்கரும் முப்பரிமாண உருவங்கள். கேமரா ஒரே இடத்தில் நிற்பதால், அதன் பார்வைக்கு அப்பால் வருவது என்னவென்று தெரியாது. கணினியின் குறையே திகிலாயிற்று! பரணில் ஆட்டம் தொடங்கும். சன்னல் வழியே அரக்கன் நுழையுமுன் அலமாரியை நகர்த்தி அடைத்தால் அவனோடு சண்டையே இல்லை. சுடுவதற்கு முன் யோசி என்பதே இங்கு விதி.

1996-இல் ஜப்பானின் காப்காம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' விளையாட்டில் தோட்டாக்கள் குறைவு. ஆட்டத்தைச் சேமிக்கவும் தட்டச்சுப்பொறி நாடா வேண்டும். அதுவும் அளவோடுதான் கிடைக்கும்.

தமிழில் அஸ்வின் சரவணன் இயக்கிய 'கேம் ஓவர்' (2019) என்னும் திகில் திரைப்படத்தில், கணினி விளையாட்டு வடிவமைப்பாளராக டாப்சி நடித்துள்ளார். விளையாட்டுகளில் கிடைக்கும் மூன்று உயிர்கள் என்ற வழக்கம் அப்படக் கதையிலும் வருகிறது.