60 டெசிபலுக்கு இந்தப் பக்கம்

காது கேட்கிறதா, இல்லையா என்பதைச் சட்டம் டெசிபலில் அளக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, பேச்சொலிகளைக் கேட்பதில் இரண்டு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு உள்ளவர் காது கேளாதவர். 60 முதல் 70 வரை என்றால் செவித்திறன் குறைந்தவர். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கோ வேறு. ஓரளவு நன்றாகக் கேட்கும் காதிலேயே 35 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால், சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் குறையாக அது எடுத்துக்கொள்கிறது. உலகில் அப்படி 43 கோடிப் பேர் இருப்பதாக அதன் 2021 அறிக்கை சொன்னது.

35-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பவர்கள் யார்? மயிலாப்பூர் மாட வீதிகளில் காலையில் காய் வாங்க வரும் பெரியவர்களில் பலர். மார்கழிக் கச்சேரியில் மிருதங்கம் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். பாடகர் நடுவில் சொல்லும் நாலு வார்த்தை பிடிபடாது. வயதாகும்போது முதலில் தேய்வது உயர் அதிர்வெண் ஒலிகள். ச, த, க போன்ற மெய்யொலிகள் அங்கேதான் இருக்கின்றன. அதனால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. ‘கேட்கவேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கிறது’ என்று வீட்டில் குத்திக்காட்டுவது இதைப் புரிந்துகொள்ளாமல்தான்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும். 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில் ஒவ்வொரு காதையும் சோதித்து சராசரி எடுப்பார்கள். காது மெஷின் இல்லாமல்தான் சோதனை. அந்தச் சராசரி ஒரு சதவீதமாக மாற்றப்படும். பிறகு, நன்றாகக் கேட்கும் காதின் சதவீதத்தை ஐந்தால் பெருக்கி, மற்ற காதின் சதவீதத்தைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒரு காது முழுக்கப் போய் இன்னொன்று சீராக இருந்தால், விடை 16.7 சதவீதம். பெரும்பாலான சலுகைகளின் வாசல் 40 சதவீதம். ஒற்றைக் காதால் எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். உஸ்மான் சாலையைக் கடக்கும்போது பின்னால் வரும் ஆட்டோவின் திசை தெரியாது. அந்தச் சிரமத்துக்கு இந்தச் சூத்திரத்தில் கணக்கில்லை.

40-ஐத் தாண்டுபவர்கள் தயங்காமல் யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது நாடு முழுக்கச் செல்லும் தனித்துவ அடையாள அட்டை. விண்ணப்பம் ‘ஸ்வாவ்லம்பன்’ இணையதளத்தில். சோதனை அரசு மருத்துவமனையில், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். தனியார் ஆய்வகத்தின் ஆடியோகிராமை (செவித்திறன் சோதனை அறிக்கை) கையோடு கொண்டுபோகலாம். ஆனால் சதவீதத்தை எழுதும் அதிகாரம் சான்றளிக்கும் மருத்துவருக்குத்தான். அட்டை மஞ்சளாக வந்தால் 40 முதல் 80-க்குள், நீலமாக வந்தால் 80 அல்லது அதற்கு மேல்.

அட்டை கிடைத்தால் என்ன? அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் செவித்திறன் குறைந்தவர்களுக்கானது. தமிழக அரசு காதுக்குப் பின்னால் அணியும் கருவியை இலவசமாகத் தருகிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாத உதவித்தொகை 1,500 ரூபாய் உண்டு. மாநகரச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை. பழைய வருமான வரி முறையில் இருப்பவர், பிரிவு 80யூ-வின் கீழ் 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. கடையில் வாங்கும் காது மெஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, விற்பவர் வரி என்று எதையாவது சேர்த்தால் பில்லைக் காட்டிக் கேளுங்கள்.

ரயில்வே மட்டும் ஒரு விசித்திரமான பிடிவாதம் பிடிக்கிறது. கேட்கவும் பேசவும் இரண்டுமே இயலாதவருக்குத்தான் கட்டணச் சலுகை. ஐம்பது வயதில் கேட்கும் திறனை இழந்து, வாய் மட்டும் பேசிக்கொண்டிருப்பவர், பிளாட்பாரம் மாறிய அறிவிப்பு கேட்காமல் வண்டியைத் தவறவிடலாம். சலுகைக்கு மட்டும் அவர் தகுதியில்லாதவர்.

சென்னையில் குழந்தைகளுக்கு இருக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் பெரியவர்கள் பொறாமைப்படலாம். அடையாறு சாஸ்திரி நகரில் 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, கேட்டுப் பேசப் பழக்கும் முறையில் பச்சிளம் குழந்தைகளிலிருந்தே ஆரம்பிக்கிறது. மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் கிளார்க் பள்ளி, சாந்தோமில் சி.எஸ்.ஐ. பள்ளி, ஜெமினி அருகே லிட்டில் ஃபிளவர் கான்வென்ட், அடையாறில் செயின்ட் லூயிஸ் என்று சில கிலோமீட்டருக்குள் இத்தனை நிறுவனங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு வழியுண்டு. காசில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. மொழி பிடிபடும் வயது காத்திருக்காது. கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி, செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது. அறுபது வயதில் காது போனவருக்கோ மெஷின் விற்கும் கடைதான் பள்ளிக்கூடம்.

சான்றிதழ் கிடைக்காதவருக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லை என்று பல அலுவலகங்கள் சொல்லிவிடுகின்றன. அது தவறு. விகாஸ் குமார் என்ற குடிமைப்பணித் தேர்வர், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறையால் உதவி எழுத்தர் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒதுக்கீட்டுக்கு 40 தேவை. ‘நியாயமான வசதி’ கேட்பதற்கு அந்த வரம்பு கிடையாது என்பதுதான் அதன் சாரம். நீண்டகாலப் புலன் குறையும், சூழலில் உள்ள தடைகளும் சேர்ந்து ஒருவரை ஒதுக்கினாலே இந்த உரிமை பிறக்கிறது. என் கணிப்பில், 60 டெசிபலுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு இல்லை. காதைப் பற்றிய வழக்கு அல்ல என்பதால் அவர்களில் பலருக்கு இது தெரியாது.

நியாயமான வசதி என்பது பெரிய செலவு வைக்கும் விஷயம் அல்ல. கூட்டத்தில் முகம் தெரியும் நாற்காலி, வீடியோ கூட்டத்தில் எழுத்தாக ஓடும் வசனம், தொலைபேசிக்குப் பதில் மின்னஞ்சல், குரல் அழைப்புக்குப் பதில் எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி. இவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். அரசு வேலையில் இருக்கும்போது காது போனால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பிரிவு 20-இன்படி அதற்காக வேலையைவிட்டு நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது. அந்த இடத்துக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். தனியாருக்கும் முழு விடுதலை இல்லை: ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும்; 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கென்று ஒரு தொடர்பு அலுவலரும் இருக்க வேண்டும்.

கச்சேரி நடக்கும் சபாக்களுக்கு வருவோம். பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும் இந்தச் சட்டத்தில் ‘பொதுக் கட்டடம்’தான், கலை நிகழ்ச்சிக்கான இடமும் அதில் அடக்கம். அரங்கைச் சுற்றிக் கம்பி வளையம் பதித்து மைக்கின் ஒலியை அதில் செலுத்தினால், டெலிகாயில் என்ற சிறு கம்பிச்சுருள் உள்ள காது மெஷின் அதை நேராக எடுத்துக்கொள்ளும். எதிரொலியும் பக்கத்து வரிசையின் முணுமுணுப்பும் சேராது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சபாச் செயலாளர்களுக்கு ரசிகர்கள் ஒரு கடிதம் எழுதலாம். கான்டீன் போண்டாவைப் பற்றி எழுதும் அக்கறையில் பாதி இருந்தால் போதும்.

நீதிமன்றத்திலும் இப்படி வசதிகள் உண்டு: பேச இயலாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சியம் சொல்லலாம். சைகை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பதிவும் வீடியோவாக இருக்க வேண்டும். காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, 2023 செப்டம்பரில் சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்.

உரிமை மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அவர் பரிந்துரைத்தால், எதிர்த்தரப்பு மூன்று மாதத்தில் என்ன செய்தது என்று பதில் சொல்லியாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம் காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. உதவிக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகமும் அங்கேயே உண்டு. கடைக்குப் போகுமுன் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது. அதன் உதவி எண் 15100.

காது கேளாதவருக்குக் கொடுத்திருப்பதும் தொலைபேசி எண்தான். வீட்டில் ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். அல்லது ஆடியோகிராம் நகலை இணைத்து மனுவாக எழுதி நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.